தராசுப் பெட்டியில் விழுந்த ஓட்டு

எங்கள் ஊரில் எனக்குத் ‘தராசுக்காரி’ என்று பெயர். நான் கடை வைத்தவள் இல்லை, யாருக்கும் எதையும் நிறுத்துக் கொடுத்தவளும் இல்லை. ஐம்பத்தேழாம் வருஷத்துத் தேர்தல் எனக்குக் கட்டிய பட்டம் அது. என் பிள்ளைகளைக்கூட ‘தராசுக்காரி மகன்’, ‘தராசுக்காரி மகள்’ என்றுதான் அடையாளம் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. என் அண்ணனும் இல்லை. மிச்சமிருப்பவர்களாவது தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். நம்புவார்களா என்பது வேறு விஷயம்.

நான் பிறந்தது ஏழாயிரம்பண்ணைப் பக்கம். வாக்கப்பட்டது ஆமத்தூரை அடுத்த ஒரு கரிசல் ஊரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. என்னை வளர்த்தது அண்ணன். எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான், பள்ளிக்கூடத்துக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனதும் அவர்தான். சென்னையில் சட்டம் படித்துவிட்டு விருதுநகரில் வக்கீலாக உட்கார்ந்த பிறகும், தங்கச்சியைக் கரையேற்றாமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். என்னை ஒரு நல்ல சம்சாரி வீட்டில், நிலபுலம் உள்ள இடத்தில் கட்டிக் கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கவே சம்மதித்தார்.

அண்ணனுக்கு ஓர் ஆசை உண்டு. மாகாணத்துக்கே தலைமை வக்கீலாக வரவேண்டும், சர்க்கார் பக்கம் நின்று ஹைகோர்ட்டில் வாதாட வேண்டும் என்று. அந்தப் பதவிக்கு நம் ஊரில் ஓட்டுக் கிடையாது, சர்க்காரே பார்த்து அமர்த்துவது. ஆனால் சட்டசபைக்குள் ஒரு தடவை போய் வந்தால் பெரிய இடங்களில் முகம் தெரியும், பிறகு எல்லாம் தானாக நடக்கும் என்று யாரோ அவரை நன்றாக ஏற்றிவிட்டிருந்தார்கள். என் மாமனார் இதைக் கேட்டு, “சர்க்காருக்கே வக்கீலுன்னா, அப்ப சர்க்கார் என்ன தப்பு பண்ணுச்சாம்?” என்று சிரித்தார். அண்ணன் அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். சின்னம் தராசு. சிவகாசியில் நோட்டீஸ் அடித்து, மஞ்சளும் சிவப்புமாகத் தராசு படத்தை விருதுநகர் பஜார் முழுக்க ஒட்டினார்.

எதிர்த்து நின்றவர் பசையுள்ள ஆள். சிவகாசிப் பக்கம் வெடிக் கம்பெனி வைத்திருந்தார். சின்னம் குடை. எங்கள் தொகுதியில் அந்தத் தடவை இந்த இரண்டு பேர்தான், நேருக்கு நேர்.

இனி எங்கள் ஊர் ஓடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவே அது குறுக்கே கிடந்தது. வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணல்தான், அதில் ஆடு மேயும். ஐப்பசி கார்த்திகையில் மேற்கே மழை பெய்துவிட்டால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வரும். ஊர் தனித்தீவாகிவிடும். மிளகாய் மூட்டை ஏற்றிய வண்டிகள் இந்தக் கரையில் நிற்கும், விருதுநகர் வியாபாரி அந்தக் கரையில் நிற்பார். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஐம்பத்தைந்தில் அப்படி ஒரு மழை நாளில் எனக்கு வலி கண்டது. தலைப் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். வண்டி கட்டினார்கள். ஓடைக் கரையில் வண்டி நின்றது. தண்ணீர் வடியும், வடியும் என்று என் வீட்டுக்காரர் காலையிலிருந்து சாயங்காலம் வரை கழுத்தளவு தண்ணீரில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். பிள்ளை வண்டியிலேயே பிறந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. அந்தக் கரையிலேயே புதைத்துவிட்டு, அந்த வண்டியிலேயே என்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆகையால் குடைக்காரர் எங்கள் ஊருக்கு வந்து, “ஓடைக்குப் பாலம் கட்டித் தாரேன்” என்று சொன்னபோது ஊரே அவர் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். “ஊர் ஓட்டு அம்புட்டும் குடைக்கு விழணும். ஒண்ணு தப்பினாலும் எனக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் பாலத்தைப் பத்திப் பேசப்படாது.”

அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. அப்போதெல்லாம் இன்று மாதிரி சீட்டில் முத்திரை குத்துகிற முறை கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். கையில் கொடுக்கிற சீட்டை மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோய், பிடித்த சின்னத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வரவேண்டும். எண்ணும்போது எங்கள் ஊர்ச் சாவடியின் குடைப் பெட்டியை உடைப்பார்கள், தராசுப் பெட்டியை உடைப்பார்கள். எந்தப் பெட்டியில் எத்தனை என்பது பக்கத்தில் நிற்கிற ஏஜெண்டுக்குத் தெரிந்துவிடும். யார் போட்டது என்பது ரகசியம்தான். ஊர் போட்டது ரகசியமே இல்லை.

காளியம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. வீட்டுக்கு ஒரு கை. அந்தந்த வீட்டுப் பெரிய ஆம்பளை முன்னால் வந்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, எங்க வீட்டு ஓட்டு குடைக்கு என்று சத்தியம் செய்ய வேண்டும். என் மாமனார் ஊர்ப் பெரியவர். முதல் கை அவருடையது. சம்பந்தி வீட்டுப் பையன் நிற்கிறானே என்று யாரும் வாய் திறப்பதற்குள், அவர் விடுவிடுவென்று போய்ச் சூடத்தை அணைத்துவிட்டார். ஊருக்கு முன்னால் அவர் எவ்வளவு உயர்ந்துவிட்டார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு தேர்தலில் எங்கள் ஊர்ப் பெண்களை ஓட்டுச் சாவடிப் பக்கமே கூட்டிப் போகவில்லை, பொம்பளைகளுக்கு எதுக்கு என்று விட்டுவிட்டார்கள். இந்தத் தடவை எண்ணிக்கை முக்கியம் என்பதால் எங்களையும் வண்டி கட்டிக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் எங்கள் ஊருக்கு ஜீப்பில் வந்தார். தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. ஊர்க் கட்டுப்பாடு. மூடிய கதவுகளைப் பார்த்து அண்ணன் மைக்கில் பேசினார். ஓட்டு ரகசியம், அதைக் கேட்க யாருக்கும் அதிகாரமில்லை, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று கோர்ட்டில் பேசுகிற மாதிரி தெளிவாகப் பேசினார். பிறகு ஜீப்பை விட்டு இறங்கி எங்கள் வாசலுக்கு வந்தார்.

“தாயி, நான்தான். ஒரு செம்புத் தண்ணி குடு. தொண்டை காஞ்சுபோச்சு.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கதவில் கை வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து மாமனார், “ஊரு பாக்குது, திறக்காத” என்றார். மாமியார் அடுப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. எனக்குத் தலை பின்னிவிட்ட மனுஷன் அவர். அந்த மத்தியானம் நான் சோறு தின்னவில்லை.

ஓட்டுப் போடுகிற அன்று பெண்களெல்லாம் கோயில் கொடைக்குப் போகிற மாதிரி சேலை உடுத்திக்கொண்டு வண்டியில் ஏறினோம். பள்ளிக்கூடத்தில் சாவடி. மறைப்புக்குள் போனபோது பெட்டிகள் இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தன. எனக்கு முன்னால் போன யாரோ ஒருத்தி இரண்டு பெட்டிக்கும் குங்குமம் வைத்திருந்தாள். நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தராசைப் பார்த்தேன், அண்ணன் முகம் வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே ஓடைக் கரையும் அந்த வண்டியும் வந்தன. அழாமல் பிறந்த என் பிள்ளை வந்தான். இன்னொருத்திக்கு அப்படி நடக்கக் கூடாது. நான் குடைப் பெட்டியில் போட்டேன். ஊர்ச் சத்தியத்துக்காகப் போட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அதெல்லாம் ஆம்பளைகள் சத்தியம். என் பிள்ளைக்காகப் போட்டேன். வெளியே வந்ததும் பொங்கிப் பொங்கி அழுதேன். கூட வந்தவர்கள் அண்ணனுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் தோற்றார். குடைக்காரர் ஜெயித்தார். கம்பெனி லாரியில் சரவெடியை லோடு லோடாகக் கொண்டுவந்து விருதுநகர் தெருக்களில் கொளுத்தினார்கள் என்று சொன்னார்கள். அன்று சாயங்காலமே எங்கள் ஊர் ஏஜெண்டு சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் முகம் சரியில்லை.

“குடைப் பெட்டியில அம்புட்டும் விழுந்திருக்கு. தராசுப் பெட்டியில ஒண்ணே ஒண்ணு கிடந்துச்சு.”

யாரும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றது. நான் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, யாரும் கேட்டால்தானே சொல்வதற்கு.

மறுநாள் அண்ணன் வந்தார். இந்தத் தடவை கதவு திறந்திருந்தது, தேர்தல்தான் முடிந்துவிட்டதே. ஆள் பாதியாக இளைத்திருந்தார், முகத்தில் தாடி. கையில் ஒரு பட்டுச்சேலை. என்னைப் பார்த்ததும் மனுஷன் தேம்பிவிட்டார். அதற்கு முன்னால் நான் அவர் அழுது பார்த்ததே இல்லை.

“தண்ணி குடுக்கலைன்னு அன்னைக்கு மனசு விட்டுப்போச்சு தாயி. நமக்குன்னு யாரு இருக்கான்னு நினைச்சேன். உங்க ஊருப் பெட்டியில ஒண்ணு கிடக்குன்னு சொன்னாக. எனக்கு அது போதும். தொகுதி பூராத் தோத்தாலும் பரவாயில்ல. ஊரே எதுத்து நிக்கும்போது என் தங்கச்சி ஒருத்தி எனக்குப் போட்டாளே.”

அது நான் இல்லை அண்ணே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்ல? சேலையை வாங்கிக்கொண்டேன். ஓட்டு ரகசியம் என்று ஊருக்கே சட்டம் சொன்ன வக்கீல், தன் தங்கச்சி போட்டதாக நினைத்த ஓட்டைப் பஜாரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை. பாசம் வந்தால் சட்டமாவது ஒன்றாவது.

குடைக்காரரின் ஆள் வந்து, “ஐயா ரொம்ப வருத்தப்பட்டாக. ஒண்ணு தப்பிருச்சேன்னாக” என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு ஓட்டுக்காகவா பாலம் நின்றது? கட்ட மனசிருந்தால் அந்த ஆள் கட்டியிருப்பார். கட்டாமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, எங்கள் ஊர் அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டது. இதை நான் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு ஊரில் ஒருத்தருக்கும் அப்படித் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறுபடி கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. இந்தத் தடவை கூப்பிட்டது என்னை மட்டும். சத்தியம் செய்ய ஒரு பெண்ணைக் கூப்பிட்டது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. முதலில் கேட்க வேண்டிய நேரத்தில் எங்களில் ஒருத்தியையும் கேட்கவில்லை, எல்லாம் முடிந்த பிறகு வந்து கேட்டார்கள். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

மாமனார் ஒரு வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். அவர் என்னைக் கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார்.

“தாயி, இதை அணைச்சு, நான் போடலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போ. ஊரு வாய மூடிரும்.”

நான் போடவில்லைதான். சூடத்தை அணைத்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சாமிக்கும் பயப்பட வேண்டியதில்லை. கையை நீட்டிவிட்டேன், உள்ளங்கையில் சூடு உறைத்தது. அப்போதுதான் யோசித்தேன். நான் இங்கே அணைத்தால் மறுநாள் விடிவதற்குள் அது விருதுநகர் மிளகாய்ச் சந்தைக்குப் போய்விடும். குடைக்காரர் ஆட்கள் பஜாரில் அண்ணனை நிறுத்தி, கூடப் பிறந்தவளே போடலையாம்ல, சூடம் அணைச்சுச் சொல்லிட்டாளே என்று கேட்பார்கள். அண்ணனிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு ஓட்டு மட்டும்தான். அதையும் என் கையாலேயே பிடுங்க வேண்டுமா?

கையை இழுத்துக்கொண்டேன்.

“சூடம் வேண்டாம் மாமா. நான்தான் போட்டேன்.”

எங்கோ ஒரு ஆள் காறித் துப்பினான். பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. வீட்டுப் பொம்பளை செய்த குற்றத்துக்கு வீட்டுப் பெரியவர் ஊர் காலில் விழ வேண்டும். என் மாமனார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் பேச்சைக் கேட்டுச் சத்தியம் செய்த அத்தனை பேருக்கும் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பெண்கள் கூட்டத்தில் மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். என்னால் வந்த அவமானத்துக்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். அந்த வருஷப் பங்குனிப் பொங்கலில் என் பானையை வரிசையில் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. மாட்டுத் தொழுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நம்ம பிள்ளைய மறந்துட்டியா?”

அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் குடைக்குத்தான் போட்டேன், பிள்ளையை நினைத்துத்தான் போட்டேன், அண்ணனுக்காகப் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“கோயில் வாசல்ல நின்னு சொன்னதை நம்பவா, அடுப்படியில சொல்றதை நம்பவா?” என்றார். “நீ போடலைன்னா அப்ப யாரு போட்டது? அதைச் சொல்லு.”

அதுதான் எனக்கும் தெரியாது. எந்த வீட்டில் யார் போட்டது என்று ஊரையே ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து நானே ஓய்ந்துபோனேன். எவனோ ஒருவன் ஓட்டைப் போட்டுவிட்டு, என் மாமனார் விழுந்ததை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் யாரென்று தெரிந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

வருஷங்கள் போயின. எனக்கு மறுபடி பிள்ளைகள் பிறந்தன, நல்லபடியாக. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் ஓடையில் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் என் பேச்சும் வரும். மிளகாய் நனைந்தால் தராசுக்காரி. கம்பெனி வேன் அந்தக் கரையோடு திரும்பிப் போய் ஒரு நாள் கூலி போனால் தராசுக்காரி. எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பாம்பு கடித்து, தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் கரையில் நின்றுவிட்டார்கள். அன்று அவளுடைய அம்மா எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? நானும் அதே கரையில் நின்றவள்தான் என்று சொன்னால், அப்படியிருந்துமா போட்டே என்று கேட்பாள்.

அண்ணன் விருதுநகரில் எந்த விசேஷம் என்றாலும் என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, “ஊரே எதுத்து நின்னப்ப இவ ஒருத்திதான்” என்று ஆரம்பித்துவிடுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று புகழ்வார்கள்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு விளங்காமல் இருந்தது. என் மாமியார் அதற்கு முன்னால் என்னிடம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருப்பார். கோயில் வாசல் சம்பவத்துக்குப் பிறகு அப்படியே மாறிப்போனார். குழம்பில் முதல் கரண்டி எனக்கு. அவர் காதுபட யாரும் ‘தராசுக்காரி’ என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. மண்ணை வாரித் தூற்றியவளை வாசலை விட்டுத் துரத்தியதும் அவர்தான். ஏதோ இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

அறுபத்திரண்டில் மறுபடி தேர்தல் வந்தது. அண்ணன் நிற்கவில்லை. அந்த ஆசையை அவர் மூட்டை கட்டி வைத்துவிட்டார். இந்தத் தடவை முறை மாறியிருந்தது. எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில், பிடித்ததில் முத்திரை குத்த வேண்டும், எல்லாரும் ஒரே பெட்டியில் போட வேண்டும். கட்சிக்காரப் பையன் ஒருவன் தெருத் தெருவாக வந்து விளக்கினான். ஊர் அந்தத் தடவையும் சூடம் அணைத்திருந்தது, வேறு ஒருவர் அதே பாலத்தைச் சொல்லியிருந்தார்.

மாசி மாதம். ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டியில் இடம் பற்றாததால் நானும் மாமியாரும் மற்றவர்களுக்குப் பின்னால் நடந்தே சாவடிக்குப் போனோம். மாமியார் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏ தாயி, இப்ப ஒரே பெட்டிதானாமே. அன்னைக்கு மாதிரி நான் போட்டது தனியாக் கிடக்காதுல்ல?”

நான் நின்றுவிட்டேன்.

“என்ன அத்தை சொல்றீக?”

“அதான், தராசு. ஒனக்குத் தெரியாதா என்ன. என்னைக் காப்பாத்தத்தான நீ அன்னைக்கு ஒம்மேல போட்டுக்கிட்ட? வருசம் இம்புட்டு ஆச்சு, என்னைப் பாத்து ஒரு சொல் சொன்னதில்லையே நீ. என்னைப் பெத்தவகூட எனக்காக இப்படிப் பண்ணியிருக்க மாட்டா.”

ஓடை நடு மணலில் நாங்கள் இருவரும் நின்றோம். எத்தனை நாள் யாருடைய சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று தேடினேனோ, அந்த ஆள் எனக்குத் தினமும் குழம்பில் முதல் கரண்டி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஏன் அத்தை போட்டீக?” என்று மட்டும் கேட்டேன்.

“பொண்ணு குடுத்தவன் வாசல்ல நின்னு தண்ணி கேட்டான். குடுக்காம அனுப்பிட்டோம். அது எனக்கு அறுத்துக்கிட்டே கிடந்துச்சு. பெட்டியில அந்தப் படத்தைப் பாத்ததும் ஒரு செம்புத் தண்ணி குடுக்கிற மாதிரி நினைச்சுப் போட்டுட்டேன். சத்தியம் பண்ணது உங்க மாமா. என் கையையா வச்சேன் நான்? ஒண்ணுதான் விழும், அதையும் எண்ணிப் பாத்திருவாகன்னு எனக்கு என்ன தெரியும்?”

“அன்னைக்குக் கோயில்ல சொல்லியிருக்கலாமே அத்தை.”

“வாயத் திறக்கப் போனேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட. பெட்டியில கிடந்தது ஒண்ணு. ரெண்டு பேரு நான்தான் நான்தான்னா எப்படி? இன்னொரு ஓட்டுக்கு எங்கன போக?” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அது சாக்குதான். உங்க மாமாவை நினைச்சுப் பயந்துட்டேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன். உங்களுக்காக ஒன்றும் நான் பழியை ஏற்கவில்லை, நீங்கள் போட்டது எனக்குத் தெரியவே தெரியாது, அண்ணன் மனசு உடையக் கூடாது என்று சொன்ன பொய் அது என்று பட்பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு ஒரு கேள்வி கேட்டார். இந்த ஐந்து வருஷத்தில் ஊரில் ஒருத்தருக்குக்கூட என்னிடம் கேட்கத் தோன்றாத கேள்வி.

“அப்ப நீ யாருக்குத்தான் போட்ட?”

“குடைக்கு. பிள்ளைக்காக.”

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, நானும் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போனவர்கள் தூரத்தில் நின்று கூப்பிட்டார்கள். மாமியார் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, “நான் சொல்லிருதேன். இன்னைக்கே சொல்லிருதேன்” என்றார். வேண்டாம் அத்தை, அண்ணன் காதுக்குப் போய்விடும் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

ஓட்டுப் போட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தோம். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஊர் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள், மாமனார் நடுவில். என் வீட்டுக்காரரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஒருவர் வழக்கம்போல் ஆரம்பித்தார்.

“என்ன தாயி, இந்தத் தடவையாச்சும் ஒழுங்காப் போட்டியா? இல்ல, மறுபடியும் உங்க மாமனை ஊரு காலுல விழ வைக்கப் போறியா?”

மாமியார் என் கையை உதறிவிட்டு இரண்டு எட்டு முன்னால் போனார்.

“இவளையே கேக்கீகளே, ஒரு நாளாச்சும் என்னைக் கேட்டீகளா? அன்னைக்குத் தராசுல போட்டது நான். இவ இல்ல. நான்.”

முதலில் சிரித்தது மாமனார்தான். மருமகள் மேல் அவ்வளவு பாசம் என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, “சரி சரி, வெயில்ல நிக்காதீக, வாங்க” என்று தன் அம்மாவின் தோளைப் பிடித்தார்.

“நான்தான்லே போட்டேன்,” என்று மாமியார் மகனிடம் கத்தினார். “ஏலே, ஒன்னையப் பெத்தவ சொல்லுதேன்.”

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.